ஆறு ரிலேக்களும் அடையாறு மோட்டார் அறையும்

1

பதினேழு வருடமாக நான் செய்யும் வேலை என்னவென்று ஊரில் யாருக்கும் என்னால் விளக்க முடிந்ததில்லை. "கம்ப்யூட்டர்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவேன். போன மாதம் எங்கள் அடையாறு குடியிருப்பின் மோட்டார் அறையில் நடந்த ஒன்றால் அதைப் பற்றி எழுத வேண்டியதாகிவிட்டது. தப்பு என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கணினியோ கைப்பேசியோ, எதுவானாலும் அடியில் கர்னல் என்று ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே இருக்கும் பாகங்களோடு நேரடியாகப் பேசுவது அதுதான். ஒவ்வொரு பாகத்தோடும் பேச டிரைவர் என்று தனித்தனியே ஒரு சின்ன நிரல். நான் ரிலேப் பலகைகளுக்கு டிரைவர் எழுதுகிறவள். ரிலே என்றால் நிரல் சொல்கிறபடி மூடித் திறக்கும் சுவிட்ச். என் பலகையில் ஆறு உண்டு. டிரைவரோடு சேர்த்து ஒரு சோதனையும் எழுதினேன். பலகைக்கு மின்சாரம் வந்ததும் அது ஆறு ரிலேக்களையும் வரிசையாக அரை நொடி மூடித் திறந்து, எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளும். ஜெர்மனியில் என் வீட்டு மேசையில் ஆறு குட்டி விளக்குகளை மாட்டி வைத்திருந்தேன். அவை ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து அணைவதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிக்காது.

இந்தக் கர்னல் தனியொருவர் சொத்து அல்ல. யார் வேண்டுமானாலும் திருத்தம் எழுதி மின்னஞ்சலில் அனுப்பலாம். அதற்குப் பொறுப்பான ஒருவர் பிரித்து மேய்ந்து, குறை சொல்லித் திருப்பி அனுப்புவார். என்னை மேய்ந்தவர் ஒரு பின்லாந்துக்காரர். முகம் பார்த்ததில்லை. அவருக்கு ஒரே குறை: டிரைவரைக் கேட்கிறவன் தலையில் சோதனையையும் ஏன் கட்டுகிறாய்? அமைப்புப் பட்டியலில் அதைத் தனி வரியாகப் போடு, கேட்காமலிருந்தால் 'வேண்டாம்' என்று இருக்கட்டும், வேண்டியவன் 'வேண்டும்' என்று மாற்றிக்கொள்வான். கேட்டது அவ்வளவுதான். நான் ஆறு வாரம் மல்லுக்கு நின்றேன். விருப்பம் என்று விட்டால் ஒருத்தனும் சோதிக்க மாட்டான் என்பது என் கட்சி.

அந்தப் பிடிவாதம் எனக்குத் தியாகராய நகரில் வந்தது. அப்பா அங்கே ஒரு ஜவுளிக்கடையில் முப்பத்தைந்து வருடம் இருந்தார். வாடிக்கையாளர் அவசரப்பட்டாலும், புடவையை முழுக்க விரித்து, வாசல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் காட்டிவிட்டுத்தான் மடித்துக் கொடுப்பார். "வேண்டாங்க, பார்த்தாச்சு" என்பார்கள். அவர் கேட்கமாட்டார். பள்ளி விட்டு அங்கே போய் உட்கார்ந்து நான் பார்த்த ஒரே தொழில் தர்மம் அது. பின்லாந்துக்காரருக்கு இது எங்கே தெரியப் போகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

2

போன கோடை விடுமுறையில் ஊருக்குப் போனபோது, வழக்கமான சாக்லேட்டுக்கும் சோப்புக்கும் பதிலாக அந்தப் பலகையைப் பெட்டியில் வைத்தேன்.

எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டு வீடுகள். அப்பா அதன் செயலாளர். எழுபத்து நான்கு வயது. மொட்டைமாடித் தொட்டி காலியானால் கீழே இறங்கி மோட்டார் போடுவது, நிரம்பியதும் மறுபடி இறங்கி நிறுத்துவது என்று ஒரு நாளைக்கு நான்கு முறை. மறந்தால் மாடியிலிருந்து தண்ணீர் கொட்டும். இரண்டாம் மாடிக்காரர் குழுவில் புகைப்படம் போடுவார். இத்தனை வருடம் வெளியூரில் உட்கார்ந்துகொண்டு "பார்த்து இறங்குங்கப்பா" என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, உருப்படியாக ஒன்று செய்துவிட வேண்டும் என்ற வெறி வந்தது.

தொட்டியில் ஒரு மிதவை, மோட்டார் அறையில் ஒரு குட்டிக் கணினியோடு என் பலகை. ஸ்டார்ட்டர் பெட்டியின் சிவப்புப் பொத்தானோடு முதல் ரிலேயை இணைத்தேன், பச்சையோடு மூன்றாவதை. பச்சை ஒரு நொடி அமுங்கினால் போதும், ஸ்டார்ட்டர் தானே பிடித்துக்கொண்டு மோட்டாரை ஓட்டும். மூன்று நாள் கூட இருந்து கம்பி இழுத்துக் கொடுத்தவர் தேசிங்கு. எங்கள் தெருவின் எல்லா மோட்டார்களும் அவர் கையில்தான். ஆற்றோரம் இருந்த அவருடைய வீட்டை எடுத்துவிட்டுப் பெரும்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் அனுப்பினார்கள். இரண்டு பஸ் மாறி வந்தும் தெருவை விடவில்லை. என் மகள் இனியா அந்த மூன்று நாளும் அவர் பின்னாலேயே சுற்றினாள். நான் பேசினால் ஜெர்மனில் ஒரு சொல் பதில் சொல்கிற பதினைந்து வயது. அவரிடம் மட்டும் உடைந்த தமிழில் ஸ்பானர் பெயரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஜெர்மனிக்குத் திரும்பி வந்த பிறகு அப்பா போனில் மூன்று முறை சொன்னார். முதல் முறை, கரண்ட் போய் வந்தால் மோட்டாரும் தானே கிளம்பிவிடுகிறது, ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக இருக்கிறது என்றார். தொட்டி குறைந்திருக்கும் என்றேன். இரண்டாம் முறை, தொட்டி நிரம்பித்தான் இருந்தது, ஆனாலும் ஒரு நிமிடம் ஓடி நின்றது என்றார். "அது அப்படித்தான்பா. சரிபார்த்துட்டு நிறுத்தும்" என்றேன். மூன்றாம் முறை அவர் சொன்னபோது நான் வேறொரு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'ம்' என்று மட்டும் சொன்னதாக ஞாபகம்.

3

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை.

எனக்கு இங்கே குடியுரிமை அலுவலகத்தில் காலை ஒன்பதே காலுக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். அதற்காகப் பதினாலு மாதம் காத்திருந்தேன். அதற்கு முன்னால் ஒரு வருடம் என் பிறப்புச் சான்றிதழோடு போராட்டம். நம் ஊர் வழக்கப்படி அதில் 'பெண் குழந்தை' என்று மட்டும் இருந்தது, பெயர் கிடையாது. பெயர் வைக்கும் முன்பே பதிவு செய்துவிடுவோம் என்று நான் சொல்லச் சொல்ல, அந்த அலுவலர் என் பெற்றோரை நினைத்து வருத்தப்பட்டார். எல்லாம் முடிந்து, கடைசிக் கையெழுத்துக்குத்தான் அந்த நாள். கையெழுத்துப் போட்டால் நம் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். வாங்கலாமா வேண்டாமா என்று வீட்டில் வருடக்கணக்கில் பேசியாகிவிட்டது. கணவர் வேலை வேறு ஊரில், வாரக் கடைசிதான் வருவார். இனியா விடுமுறையில் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

காத்திருப்பு அறையில் கைப்பேசியில் பேசக்கூடாது என்று படம் போட்டு ஒட்டியிருக்கும். அஞ்சல் படிக்கலாம். பின்லாந்துக்காரரிடமிருந்து ஒன்று வந்திருந்தது. ஆறு வாரத்தில் அவர் எழுதியதிலேயே சின்னது. "உங்கள் சோதனை ரிலேயை மூடும்போது மறுமுனையில் விளக்குதான் இருக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

காட்டமாக ஒரு பதில் மனதுக்குள் தயாராகிக்கொண்டிருந்தது. விளக்கு இல்லாவிட்டால் வேறென்ன இருக்கும் என்று ஆரம்பிக்கிற பதில். அந்த வாக்கியத்தை முடிக்கும் முன்பே நிறுத்தினேன். வேறென்ன இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியுமே. என் கையாலேயே முடுக்கிய திருகாணி.

கரண்ட் வந்ததும் மோட்டார் கிளம்பியது தொட்டி குறைந்ததால் அல்ல. என் சோதனை பச்சைப் பொத்தானை அமுக்கியிருக்கிறது. அப்பா மூன்று முறை சொன்னது அதைத்தான்.

உடனே முந்தின நாள் அவர் போனில் சொன்னது நினைவுக்கு வந்தது. மோட்டார் மக்கர் செய்கிறது, உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது, தேசிங்கு நாளைக்கு வந்து பிரிக்கிறார். நாளைக்கு எங்கள் பகுதியில் பராமரிப்புக்காக ஒன்பதிலிருந்து இரண்டு வரை கரண்ட் கிடையாது, அதனால் வசதி. இது நம் ஊரில் எல்லோரும் செய்வது. கரண்ட் இல்லாத நாளில்தான் மோட்டாரைப் பிரிப்பார்கள். பீஸ் கட்டையைப் பிடுங்கி இணைப்பைத் துண்டிக்கக்கூட மெனக்கெட மாட்டார்கள். நடுவில் கரண்ட் வந்தாலும் பச்சையை யாராவது அமுக்கினால்தானே ஓடும். அந்த நம்பிக்கையில் தப்பில்லை, நான் அந்தப் பலகையை மாட்டும் வரை.

மணி ஒன்பது பத்து. அடையாறில் பன்னிரண்டு நாற்பது. இரண்டு மணி என்று அறிவித்தால் இரண்டு மணிக்கா கொடுக்கிறார்கள்? வேலை முடிந்தால் ஒரு மணிக்கே கொடுத்துவிடுவார்கள்.

4

எழுந்து படிக்கட்டுக்கு ஓடினேன். அப்பாவின் போன் அணைந்திருந்தது. கரண்ட் இல்லாத நாளில் அதில் சார்ஜ் இருக்காது. மறுபடி அடித்தேன், மறுபடி அதே பெண் குரல். பக்கத்து வீட்டார் எண் ஒன்றுகூட என்னிடம் இல்லை. தேசிங்கின் எண்ணும் இல்லை. மூன்று நாள் ஒன்றாக வேலை செய்தோம், இனியாவோடு சேர்த்து மூவரும் நின்று படம் எடுத்துக்கொண்டோம், அவர் எண்ணை நான் கேட்கவில்லை. வேண்டுமானால் அப்பாவிடம் சொன்னால் போதும் என்றே எப்போதும் இருந்திருக்கிறேன். அந்தப் படிக்கட்டில் நின்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

பிறகுதான் இனியா. நான்கு முறை அடித்த பிறகு எடுத்தாள். தூக்கக் குரலில் ஜெர்மனில் எரிந்து விழுந்தாள். தேசிங்கு மாமா எண் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றாள். தினமும் காலையில் அவர் ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம் அனுப்புவாராம், இவள் பதிலுக்கு ஒரு இதயம் அனுப்புவாளாம். என் செய்தியைப் பார்த்துவிட்டும் பதில் போடாத பெண். அதற்கு வருத்தப்பட அப்போது நேரமில்லை. தாத்தா வீட்டு மோட்டார் என்று இரண்டு வாக்கியம் சொன்னேன். அவள் குரல் மாறிவிட்டது. "லைன்ல இரும்மா, நான் சேக்கிறேன்" என்றாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே திரை தெரிந்தது. எனக்கு முந்தைய எண் ஓடிக்கொண்டிருந்தது.

"மாமா எடுக்குது" என்றாள் இனியா.

"இன்னாம்மா இனியா, இந்நேரத்துல," என்றார் தேசிங்கு.

நான் குறுக்கே புகுந்து, செல்வி பேசுகிறேன், மோட்டாரிலிருந்து கையை எடுங்கள், பீஸ் கட்டையைப் பிடுங்குங்கள் என்றேன். கத்தியிருக்க வேண்டும், மேல்படியில் யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

"கரண்ட்டே இல்லக்கா," என்றார் நிதானமாக. "என் கை போன்ல கீது. சாரு கைதான் உள்ள கீது. பின்னாடி ஃபேனைக் கையால சுத்திக்கினு கீறாரு, சிக்குனது வுடட்டும்னு."

சாரு என்றால் அப்பா. மோட்டாரின் பின்மூடியைக் கழற்றிவிட்டு, உள்ளே இருக்கும் விசிறியின் இதழ்களுக்கு நடுவே விரலைக் கொடுத்துத் திருப்புவது. சிக்கிய மோட்டாரை எங்கள் வீட்டில் அப்படித்தான் விடுவிப்பார்கள். அப்பா செய்து நானே பார்த்திருக்கிறேன்.

அப்போது அந்தப் பக்கம் ஒரு சின்ன ராகம் கேட்டது. லிஃப்ட் உயிர் வந்தால் பாடுகிற ராகம். தொடர்ந்து, கதவை மூடச் சொல்லும் அந்தப் பெண் குரல்.

"கரண்ட் வந்துட்ச்சுக்கா," என்றார் தேசிங்கு.

பலகைக்குக் கரண்ட் வந்து கர்னல் எழுந்து என் சோதனை ஓட இருபத்திரண்டு நொடி. மேசையில் எத்தனையோ முறை எண்ணியிருக்கிறேன். "தானா ஓடப்போகுது, அப்பா கைய இழுங்க" என்றேன். இனியாவும் அதையே சொன்னாள், "தாத்தா கை, தாத்தா கை" என்று. பின்னால் அப்பாவின் குரல் கேட்டது. அரைச் சுற்றுதான் பாக்கி என்கிறார். கரண்ட் வந்தால் என்ன, ஒன்றும் ஆகாது என்கிறார். மனுஷனுக்கு விளக்கம் சொல்லாமல் எந்தக் காரியமும் ஆகாது. நானும் அவர் பெண்தான்.

போன் கீழே விழுந்த சத்தம். பிறகு டக். டக். மூன்றாவது டக்கோடு மோட்டார் உறுமியது.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. உறுமலும் தண்ணீர் அடிக்கிற சத்தமும் மட்டும் வந்துகொண்டிருந்தன. இனியா அந்தப் பக்கம் அழ ஆரம்பித்துவிட்டாள். நான் அவளைத் தேற்றவில்லை, காதை இன்னும் அழுத்திக்கொண்டேன். பிறகு உறுமல் நின்றது. பீஸ் கட்டையைப் பிடுங்கியிருக்கிறார்.

தேசிங்கு போனை எடுத்தபோது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. "இஸ்துட்டேங்கா," என்றார். "கைய புடிச்சி இஸ்துட்டேன். துடைக்கிற துணி மாட்டிக்கினு நாராப் போச்சு. சாருக்கு ஒண்ணும் இல்ல. குந்திக்கினு கீறாரு." பிறகு, "இது இன்னாக்கா, யாரு அமுக்குனது?" என்று கேட்டார்.

நான்தான் என்றேன். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. திரும்பக் கேட்கவில்லை.

5

உள்ளே போனபோது என் எண் வந்து போயிருந்தது. அலுவலரிடம் நடந்ததைச் சொல்ல முயன்றேன். பதற்றத்தில் என் ஜெர்மன் எப்போதும் முதல் வருடத்துக்குப் போய்விடும். "என் அப்பா மோட்டாருக்குள் இருந்தார்" என்று சொல்லியிருக்கிறேன். அவர் காரைப் பற்றி என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. விபத்துக்கு வருந்துவதாகவும், ஆனால் தவறிய நேரத்துக்குப் புதிதாக விண்ணப்பித்து வரிசையில் வர வேண்டும் என்றும் தன்மையாகச் சொன்னார். சரி என்று வந்துவிட்டேன்.

அன்றைக்கே தேசிங்கு பலகையின் கம்பிகளைக் கழற்றிவிட்டார். அப்பா மறுபடி நான்கு முறை இறங்குகிறார். இனியா தினமும் தாத்தாவைக் கூப்பிடுகிறாள். என்ன பேசுகிறார்கள் என்று நான் கேட்பதில்லை.

பின்லாந்துக்காரர் கேட்டபடியே திருத்தம் எழுதினேன். சோதனைக்கு இப்போது தனி வரி. கேட்காதவனுக்கு வராது. பக்கத்தில் விளக்கமும் சேர்த்தேன்: இது ரிலேக்களை உண்மையாகவே மூடித் திறக்கும், எதையாவது இணைத்த பலகையில் இதை இயக்காதே. பத்துப் பதினைந்து வரிதான். ஆறு வாரம் முன்பே எழுதியிருக்கக்கூடிய வரிகள். அவர் அதே நாளில் ஏற்றுக்கொண்டார். ஒன்று மட்டும் கேட்டார். எங்கள் தொழிலில், பிழையை முதலில் கண்டு சொன்னவர் யாரோ அவர் பெயரைத் திருத்தத்தின் கீழே எழுதவேண்டும். அந்த வரி விட்டுப்போயிருக்கிறதே, இதை உங்களிடம் யார் சொன்னது என்று கேட்டிருந்தார்.

பெயர் போட அவரவர் சம்மதம் வேண்டும். மறுநாள் காலை அப்பாவைக் கூப்பிட்டேன். அந்தச் செவ்வாய்க்குப் பிறகு நாங்கள் மோட்டாரைப் பற்றிப் பேசவே இல்லை. வெயில், மாத்திரை, மெட்ரோ தண்ணீர் என்று சுற்றிச் சுற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். விஷயத்தைச் சொன்னேன். உலகம் முழுக்க இருக்கும் கணினிகளுக்குப் போகிற ஒன்றில் அவர் பெயர் இருக்கும் என்றேன். அவருக்கு அது எடுபடவில்லை.

"என் பேரு எதுக்கும்மா? நான் என்ன கண்டுபிடிச்சேன்?"

"நீங்கதான்பா சொன்னீங்க. மூணு தடவை. நான்தான் காதுல வாங்கல."

அவர் போய்ச் சமையலறைக் குழாயை மூடிவிட்டு வந்தார்.

"கரண்ட் வந்தா தானா ஓடுதுன்னு எனக்குத் தெரியாமலா இருந்துச்சு," என்றார். "தேசிங்கு வேண்டாம்னுதான் சொன்னான், கட்டையப் பிடுங்கிட்டு வரேன்னான். நான்தான், செல்வி செஞ்சு வெச்சது, அதெல்லாம் சரிபாத்துட்டுத்தான் ஓடும்னு சொல்லிக் கைய விட்டேன்."